மாரி மழைக்குள் திகதி விழும் படுவான்கரைத் தாய்மார்: இப்போதே என்ன ஆயத்தம் செய்வது?

வெல்லாவெளிப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், போரதீவுப்பற்றில் ஒரு கிராமத்துத் தாய்மார் ஆதரவுக் குழுவுக்காகக் கேட்கிறேன். குழுவில் இப்போது பதினொரு பிள்ளைத்தாய்ச்சிமார். ஆறு பேருக்குத் திகதி நவம்பர் கடைசிக்கும் ஜனவரி நடுப்பகுதிக்கும் இடையில் விழுகிறது. குளம் நிரம்பி வான் பாய்ந்தால் உள்வீதி இரண்டு இடத்தில் மூடிவிடும். வாவிப் பக்கமாகப் போவதென்றால் மண்டூர் – குருமண்வெளி பாதை (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) இருக்கிறது. காற்றும் நீரோட்டமும் கூடினால் அதையும் நிறுத்திவிடுவார்கள்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். வெள்ளத்துக்கு முன் குழுவாக நாங்கள் என்னென்ன ஒழுங்கு செய்யலாம்? நான்கு பேருக்கு ஈமோகுளோபின் 11க்குக் கீழே நிற்கிறது, கிளினிக்கில் இரும்புக் குளிசை கொடுத்தும் ஏறவில்லை, ஏன்? கொலனிப் பக்கம் இருக்கும் இருவரை வெள்ளத்தில் அம்பாறை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டி வரலாம். இருவருக்கும் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. என்ன செய்வது?

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார் வெள்ளையரை விட மூன்று மடங்கு இறக்கிறார்கள் என்று ஒரு வளவாளர் கூட்டத்தில் சொன்னார். "அது அங்கத்தைய பிரச்சினை, நமக்குத்தான் இலவச ஆஸ்பத்திரி இருக்கே" என்று ஓர் அம்மா கேட்டார். அவருக்கு என்ன மறுமொழி சொல்லலாம்?

வாவிக்கரை:

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற மூன்றுக்கும் மறுமொழி அதற்குள்தான் இருக்கிறது.

அந்த வளவாளர் சொன்ன கணக்கு சரி. 2023இல் அமெரிக்காவில் ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மாரில் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையரில் 14.5 பேர். வறுமையும் படிப்பும்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணின் இறப்பு வீதம், பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்ணுடையதைப் போல் 5.2 மடங்கு. பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்ணை விடவும் அது கூட. உடம்பில் உள்ள ஏதோ ஒன்று இதைச் செய்யவில்லை. "தலை வெடிக்குது, மூச்சு முட்டுது" என்று அவள் சொல்லும்போது யார் நம்புகிறார்கள், எந்த ஆஸ்பத்திரி அவளுக்குக் கிட்ட இருக்கிறது, வாழ்நாள் முழுக்க அவமதிப்பைச் சுமந்த உடம்பில் பிரசர் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பவை செய்கின்றன. 1994இல் சிக்காகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் "இனப்பெருக்க நீதி" என்ற சொல்லை உண்டாக்கினார்கள். பிள்ளை பெற, பெறாதிருக்க, பெற்ற பிள்ளையைப் பயமில்லாமல் வளர்க்க என்று மூன்றையும் ஒரே உரிமையாகப் பிடித்தார்கள். சட்டத்தில் உரிமை இருந்தும் அது இருக்கும் இடத்துக்குப் போய்ச்சேர முடியாதவளுக்கு என்ன பிரயோசனம் என்பதே அவர்கள் கேட்டது.

நம் நாடு இந்தத் துறையில் பெருமைப்படக்கூடிய நாடுதான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு வீடாக வரும் குடும்பநல மாதும் (மருத்துவிச்சியும்), கட்டணமில்லாத ஆஸ்பத்திரியும் சேர்ந்து, 1940களில் இலட்சத்துக்கு ஆயிரத்தைத் தாண்டி நின்ற தாய் மரணத்தை இரண்டு இலக்கத்துக்குள் கொண்டுவந்தன. அந்த அம்மா சொன்னது பிழையில்லை. ஆனால் அது நாட்டின் சராசரி. சராசரிக்குப் பாதையும் இல்லை, மொழியும் இல்லை.

தாய் மரணத்தை ஆராய்பவர்கள் 1994இலிருந்து "மூன்று தாமதம்" என்ற சட்டகத்தைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் புறப்பட முடிவெடுக்கும் தாமதம், வழியில் தாமதம், ஆஸ்பத்திரிக்குள் கவனிப்புக் கிடைக்கும் தாமதம். உங்கள் மூன்று கேள்வியும் இந்த மூன்றுக்குள் அடங்கும். இனம் இங்கே மூன்றிலும் நுழைகிறது. வழியின் அந்தத்தில் கிடக்கும் வாகரைப் பக்க வேடர் கிராமங்களைப் பாருங்கள். சிங்களம் மட்டும் பேசும் விடுதியில் ஊமையாகிப்போகும் தமிழ்த் தாயைப் பாருங்கள். ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும்: தமிழ் விடுதியில் அபாயா போட்டு வரும் முஸ்லிம் தாயைப் பார்த்து முகம் சுளித்தால் அதுவும் இதே பாவம்தான். நம் ஆட்கள் செய்தால் வேறு பெயர் கிடையாது.

பாதையோரம்:

வெள்ள ஆயத்தத்தை நான் சொல்கிறேன்.

பிரசவத் திகதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். 37 வாரத்துக்கும் 42க்கும் இடையில் எந்த நாளும் சரியான நாள்தான். ஆகவே ஆயத்தம் முழுவதும் 36 முடிய முன்னரே முடிந்திருக்க வேண்டும். இந்த வாரமே குடும்பநல மிஸ்ஸோடு உட்கார்ந்து பதினொரு பேரையும் இரண்டாகப் பிரியுங்கள். முன்பு சீசர் செய்தவர், இரட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்கே அல்லது கால் கீழாகக் கிடப்பது, நச்சுக்கொடி கீழே இருப்பது, பிரசர், சீனி, முன்பு பிரசவத்தில் இரத்தம் கூடப் போனவர், ஈமோகுளோபின் குறைந்தவர் எல்லாம் ஒரு பக்கம். இவர்கள் மழை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. டொக்டர் சொல்லும் வாரத்தில், அதுவும் வெள்ள எச்சரிக்கை வந்தால் அதற்கும் முன்பே, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்கு வந்துவிட வேண்டும். களுவாஞ்சிக்குடியிலோ கல்லாற்றிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் விடுதியில் முன்கூட்டியே அனுமதிக்க சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்) பணிமனை மூலம் கேளுங்கள். பெயர், வாரம், வீடு இருக்கும் இடம் எழுதிய பட்டியலின் ஒரு பிரதி கிராம உத்தியோகத்தரிடமும் இன்னொன்று பிரதேச செயலகத்திலும் இருக்கட்டும். படகு வரும்போது யாரை முதலில் ஏற்றுவது என்று அவர்கள் அந்த நேரத்தில் தேடித் திரியக் கூடாது.

நம் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பவர். "வெளிக்கிடு" என்று சொல்லும் அதிகாரம் பெண்ணின் தாய்க்கு. கூட்டத்துக்குக் கர்ப்பிணியை மட்டும் கூப்பிட்டு விளங்கப்படுத்தினால் பாதி வேலைதான் நடந்தது. தாயையும் கூப்பிடுங்கள்.

1990 என்ற இலக்கத்தில் கிடைக்கும் சுவசரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். ஆனால் அது வாகனம், தண்ணீருக்குள் வராது. அதனால் பயணத்தை இரண்டு துண்டாக யோசியுங்கள்: வீட்டிலிருந்து கரை ஏறும் இடம் வரை தோணி அல்லது படகு, அங்கிருந்து அம்புலன்ஸ். வலி தொடங்கியதும் முதலில் 1990ஐ எடுத்து, வீடு இருக்கும் ஊரைச் சொல்லாமல் கரை ஏறும் இடத்தைச் சொல்லுங்கள். பாடசாலை, கோயில், சந்தி என்று சாரதிக்குத் தெரியும் அடையாளத்தோடு சொல்லுங்கள். பலர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கிறார்கள். வாகனம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் போகிறது. படகுக்காரர் இருவரின் இலக்கத்தை வைத்திருங்கள், ஒருவர் எடுக்காவிட்டால் மற்றவர். படகே இல்லையென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஓடும் தண்ணீரைக் கடக்க வேண்டாம். 2024 நவம்பர் 26இல் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் கொண்டுபோனது அம்பாறைக்காரர் யாருக்கும் மறக்காது. தண்ணீர் நிற்கிறதா ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முழங்கால் அளவும் ஆழம்தான்.

எந்த ஆஸ்பத்திரி என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். கிட்ட இருக்கிறது என்பதற்காகச் சத்திரசிகிச்சைக் கூடமும் இரத்தமும் இல்லாத இடத்துக்கு ஆபத்தான தாயைக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி மாற்றினால் மணிக்கணக்கு வீணாகும். பிள்ளை பிறந்த பிறகு வரும் இரத்தப் பெருக்கு கவனிக்காமல் விட்டால் சராசரியாக இரண்டு மணித்தியாலத்துக்குள் உயிரை எடுக்கும். "இரத்தம் கொடுக்க ஆள் பிடித்துக்கொண்டு போவோம்" என்று வீட்டில் தாமதிப்பதும் வேண்டாம். 2014இலிருந்து நம் நாட்டு இரத்த வங்கிகள் முழுக்கத் தொண்டர் கொடையில் நடக்கின்றன, பதிலுக்கு ஆள் கொண்டுவா என்று கேட்பதில்லை.

வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால்: இழுக்க வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் வெறும் நெஞ்சில் குப்புறக் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை வெட்ட வேண்டாம். பிளேட், அரிவாள், நூல் எதுவும் வேண்டாம். பிள்ளைக்கும் நச்சுக்கொடிக்கும் தொடுப்பு இருந்தபடியே பையில் போட்டுக் கொண்டுபோகலாம். முலையைச் சூப்பக் கொடுங்கள், கருப்பை சுருங்க அதுவே உதவும். பெரிய பாட் ஒன்று 15 நிமிடத்துக்குள் முழுக்க நனைந்தால் பெருக்கு என்று எடுங்கள். அந்த வார்த்தையை 1990இல் சொல்லுங்கள்.

பையில் வேண்டியது: கிளினிக் கார்ட், ஸ்கான் துண்டு, அடையாள அட்டை, இவை இரட்டைப் பொலித்தீனுக்குள். துவைத்துக் காயவைத்த பழைய பருத்திச் சேலைத் துண்டு நாலைந்து, பாட், டோர்ச், சார்ஜ் ஏற்றிய போன்.

களுதாவளை_அக்கா:

இரும்புக் குளிசை பற்றி.

"போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்பார்கள். "எத்தனை மணிக்கு, எதோடு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். காலையில் தேத்தண்ணியோடு இரும்பும் கல்சியமும் சேர்த்து விழுங்குகிறார்கள். தேயிலைச் சாயம் இரும்பைக் கட்டிப் பிடித்துவிடும், கல்சியமும் உள்ளே விடாது. கல்சியத்தைப் பகலில் சாப்பாட்டோடு மாற்றுங்கள். இரும்பு இரவில், விற்றமின் சீ குளிசையோடு அல்லது தேசிக்காய்த் தண்ணியோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம்.

மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் நிறையப் பேர். அது இரும்பின் நிறம், கெடுதி இல்லை என்று முதலே சொல்லிவையுங்கள். குமட்டல், மலச்சிக்கல் தாங்க முடியாவிட்டால் நிறுத்தாமல் மிஸ்ஸிடம் சொல்லச் சொல்லுங்கள். கடதாசியில் சுற்றிக் கூரை வளையில் சொருகிவைத்த குளிசை மழைக்காலத்தில் ஈரம் பிடித்து நிறம் மாறும். மூடியுள்ள சிறு போத்தல் போதும்.

சரியாகப் போட்டால் மூன்று நான்கு வாரத்தில் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் "நீ ஒழுங்காப் போடல்ல" என்று தாயைக் குறை சொல்லாமல் காரணம் தேட வேண்டும். வயலில் வெறுங்காலோடு நிற்பவருக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். பூச்சிக் குளிசை மூன்று மாதம் முடிந்த பிறகு கிடைத்ததா என்று கார்ட்டில் பாருங்கள். முழு இரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி (சிவப்பணுவின் பருமன்) 80க்கும் எம்.சி.எச் (அதிலுள்ள ஈமோகுளோபின் அளவு) 27க்கும் கீழே நின்றால், பரம்பரையாக வரும் தலசீமியா இரத்த நோயின் காவியாக இருக்கலாம். அப்போது கணவரின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். 34 வாரத்துக்குப் பிறகும் குறைவாகவே நின்றால் குளிசைக்கு நேரம் போதாது. நாளத்தில் ஏற்றும் இரும்பு பற்றி விசேட வைத்தியரிடம் கேட்கலாம். பெருக்கு வந்தால் 12இல் இருப்பவள் தாங்குவதை 8இல் இருப்பவள் தாங்க மாட்டாள். அதனால்தான் இந்த நாலு பேரும் பாதையோரம் சொன்ன முதல் பட்டியலில் வருகிறார்கள்.

சாப்பாட்டில், கீரை இரும்பு மெதுவாகத்தான் ஏறும். முருங்கையிலைச் சுண்டலோடு கூனி இறால் போட்டு, இறக்கியபின் தேசிப்புளி விட்டால் இரண்டு மடங்கு பிரயோசனம். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவையும் எழுதவேண்டும். மாதத்துக்கு 750 கிராம் பைக்கற் இரண்டு, ஒரு நாளைக்கு 50 கிராம் கணக்கில் ஒரு தாய்க்கு முப்பது நாளுக்குச் சரி. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் அது எட்டு நாளில் முடியும். பசித்த பிள்ளைக்குக் கொடுத்த தாயைக் கண்டிக்க யாருக்கும் வாய் வரக் கூடாது. அந்த வீட்டுக்குப் பிரதேச செயலகம் மூலம் வேறு உதவி எடுத்துக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள்.

வாவிக்கரை சொன்னதோடு சேர்த்து ஒன்று. பாடப்புத்தகத்துப் படங்கள் வெள்ளைத் தோலை வைத்து எழுதியவை. "பிள்ளை இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்", "உடம்பு மஞ்சளாகத் தெரியும்" என்பது நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படியே தெரியாது. பிரித்தானியாவில் இன – சுகாதார அவதானிப்பகம் 2023இல் வெளியிட்ட ஆய்வும் கறுப்பின, ஆசியக் குழந்தைகளில் நிறத்தை மட்டும் நம்பினால் பிழைக்கும் என்றே சொன்னது. ஆகவே குழந்தையில் நீலம் பார்ப்பதென்றால் நாக்கும் பல் முரசும். மஞ்சள் பார்ப்பதென்றால் வெளிச்சத்தில் வெள்ளை விழியும் முரசும், மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்த இடமும். தாயில் வெளிறல் பார்ப்பதென்றால் கீழ் இமையின் உட்பக்கம், உள்ளங்கை ரேகை, நாக்கு. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் கண்டால் வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியும் கறுத்த தோலில் உள்ளதை விடக் கூட்டிக் காட்டலாம். 2020இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92க்கும் 96க்கும் இடையில் நல்ல அளவைக் காட்டியும் உண்மையில் குறைந்திருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். இலக்கம் நன்றாக இருந்தும் தாய் மூச்சு முட்டுது என்றால் தாயைத்தான் நம்ப வேண்டும்.

மருதமுனை_ராத்தா:

மொழிக்கு ஒரு வழி சொல்றேன் தங்கச்சி. கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதி, கிளினிக் கார்ட்டுக்குள் வையுங்க. பக்கத்தில் சிங்களத்திலயும் எழுதிவைத்தால் தாதி வாசிப்பார், தாய் விரலை வைத்துக் காட்டினாலும் போதும்.

இரத்தம் போகுது – லே யனவா
தண்ணிக்குடம் உடைஞ்சிட்டு – வத்துர கியா
பிள்ளை அசையல்ல – பபா ஹெல்லென்னே நே
தலை இடிக்குது – ஒளுவ ரிதெனவா
கண் மங்குது – எஸ் பொந்த வெனவா
மூச்சு எடுக்க ஏலாது – ஹுஸ்ம கன்ன பே
எனக்குத் தமிழ் மட்டும்தான் விளங்கும் – மட்ட தெமள விதரய் தேரென்னே

இந்த ஆறு அறிகுறியும் வீட்டிலயும் காத்திருக்கக் கூடாத அறிகுறிதான். 28 வாரத்துக்குப் பிறகு காலையிலிருந்து 12 மணித்தியாலத்தில் பத்து அசைவு எண்ணிக்கை வராவிட்டாலும், அசைவு திடீரெண்டு குறைஞ்சாலும் நாளைக்கு என்று வைக்க வேணாம். வெள்ளத்துக்குப் பிறகு வரும் காய்ச்சலும் அப்படி. டெங்கோ எலிக்காய்ச்சலோ தெரியாது, அதனால பரசிட்டமோல் தவிர வேற குளிசை போடாமல் அன்றைக்கே போகணும்.

தமிழில் விளக்கம் கேட்கிறது உதவி கேட்கிறதில்ல, உரிமை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. மறுத்தால் திகதி, நேரம், விடுதி குறிச்சு அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கோ, மட்டக்களப்பு, கல்முனையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுப் பிராந்திய அலுவலகத்துக்கோ எழுதலாம். ஆனால் பிரசவ வலியில் யாரும் முறைப்பாடு எழுத மாட்டாங்க. அந்த நேரத்துக்கு சிங்களம் தெரிந்த ஒருவரின் இலக்கத்தை அதே தாளில் எழுதி, அவரை ராவிலயும் போன் எடுக்கச் சொல்லி வையுங்க. பெண் டொக்டர் வேணும் என்று நம்மட முஸ்லிம் தாய்மார் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பிந்துறதும் இருக்கு. அவங்களுக்கு, ஆண் டொக்டர் பார்க்கும்போது பெண் தாதி ஒருவர் உடன் நிற்கக் கேட்கலாம் என்று சொல்லுங்க. அது கேட்டால் கிடைக்கிற விஷயம்.

வெல்லாவெளிப்பிள்ளை:

மிக்க நன்றி. இன்னும் ஒன்று. முன்பு சீசர் செய்த ஒருவர் மறுபடி சீசருக்குப் போகிறார். கையெழுத்து வாங்கும்போது பிள்ளை பெறாமல் இருப்பதற்கும் சேர்த்து எழுதிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். அதே குழுவில் இன்னொருவர், நான்கு பிள்ளைக்குப் பிறகு அதைத்தான் விரும்புகிறார், வீட்டில் விடமாட்டார்கள் என்கிறார்.

களுதாவளை_அக்கா:

இரண்டும் ஒரே விஷயம். இருவருமே மேசையில் கிடந்து முடிவெடுக்கக் கூடாது. இப்போதே கிளினிக்கில் பேசி, தன் முடிவு என்ன என்று கார்ட்டில் எழுதச் சொல்லட்டும்: "கருத்தடைச் சத்திரசிகிச்சை வேண்டாம்" என்றும் எழுதலாம், "விளக்கம் பெற்றேன், வேண்டும்" என்றும் எழுதலாம். சீசருக்கான சம்மதமும் குழாய் கட்டுவதற்கான சம்மதமும் வேறு வேறு. எந்தத் தாளிலும் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: என்ன செய்யப்போகிறீர்கள், ஏன், வேறு வழி உண்டா, இன்றைக்குச் செய்யாவிட்டால் என்ன ஆகும். வாசிக்கத் தெரியாத மொழியில் தாள் இருந்தால் வாசித்துச் சொல்லுமாறு கேட்கலாம். நான்கு பிள்ளைக்காரிக்கு, நிரந்தரமில்லாத வழிகளும் உண்டு என்று சொல்லுங்கள். கருப்பைக்குள் வைக்கும் லூப்பை நச்சுக்கொடி வந்த கையோடே வைக்கலாம், கையில் தோலுக்குக் கீழ் வைக்கும் குச்சி ஐந்து வருடத்துக்கு நிற்கும், இரண்டையும் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். வீட்டாருடன் பேச மிஸ்ஸை அழைத்துப் போவதா, தான் மட்டும் தனியே மிஸ்ஸிடம் பேசுவதா என்பதையும் அவரே சொல்லட்டும்.

மருதமுனை_ராத்தா:

தாளை அச்சடிக்க முன் ஒரு சின்னத் திருத்தம். "லே" என்பதை நீட்டிச் சொல்லப் பழக்குங்க. "பே" என்கிறதும் "நே" என்கிறதும் தமிழ் ஏகாரம் இல்ல, வாயைக் கொஞ்சம் அகட்டிச் சொல்லணும். சனிக்கிழமை கூட்டம் என்றால் போனில் ஸ்பீக்கர் போடுங்க, பத்து நிமிஷம் இருவருக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.